ஃபார்மட் என்பது கடைசி வைத்தியம்

வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் அப்கிரேடு பாதியில் நின்றுபோய்விட்டது என்று கடையில் போய்ச் சொல்லிப் பாருங்கள். ராமநாதபுரம் ஆனாலும் ராமேஸ்வரம் ஆனாலும் பெரும்பாலும் கிடைக்கும் முதல் பதில் இதுதான்: "ஃபார்மட் அடிச்சிடலாம் சார்." தலைவலி என்று போனவருக்கு மொட்டை போட்டு அனுப்புகிற வைத்தியம் இது. இதற்கு நாம் இவ்வளவு சுலபமாகத் தலையாட்டக் கூடாது என்பது என் கட்சி.

நம் வயதுக்காரர்களின் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது? சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் பிள்ளைகள் அனுப்பிய பேரன் பேத்தி போட்டோக்கள். பென்ஷன் ஆர்டர், பட்டா, வில்லங்கச் சான்று, இன்சூரன்ஸ் பத்திரம் இவற்றின் ஸ்கேன். மண்டபத்தில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அப்கிரேடு நின்றுபோன கம்ப்யூட்டரைக் காலையில் கடைக்குக் கொடுத்தார். மாலையில் அது புதுசு போல ஓடி வந்தது. காலமான கணவரின் அறுபதாம் கல்யாண வீடியோ மட்டும் அதில் இல்லை. கடைப் பையன் கெட்டவன் அல்ல. "டேட்டா வேணும்னு நீங்க சொல்லலையேம்மா" என்றானாம். டேட்டா என்றால் அந்த வீடியோதான் என்று அந்த அம்மாவுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? விண்டோசை நூறு தடவை போட்டுக்கொள்ளலாம். அந்தக் கல்யாணத்தை இன்னொரு தடவை எடுக்க முடியாது.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அப்டேட் என்பதற்கு பிரெஞ்சில் 'மீஸ் ஆ ஜூர்' என்பார்கள். நாளது தேதிக்குக் கொண்டுவருவது என்று அர்த்தம். ஆபீசில் ரிஜிஸ்தரை நாளது வரை எழுதி முடிப்போமே, அதே வேலைதான். பேக்கப்புக்கு அவர்கள் சொல்வது 'சோவ்கார்ட்'. பத்திரப்படுத்துதல் என்று பொருள். புது ரிஜிஸ்தர் திறப்பதற்காகப் பழையதைக் கிழித்துப் போட்ட குமாஸ்தாவை நான் என் சர்வீசில் பார்த்ததில்லை. அந்த ஒழுங்கைத்தான் கம்ப்யூட்டரிடமும் கேட்கிறேன்.

அப்கிரேடு தோற்பதற்கான காரணங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை. திரையில் ஒரு பிழை எண் வரும். அதை யாரும் படிப்பதில்லை. பெட்டிஷனுக்கு நம்பர் போட்ட மாதிரிதான் அது. நம்பரைப் பிடித்தால் பைல் கிடைத்துவிடும். 80070070 என்று முடிந்தால் டிஸ்கில் இடம் போதவில்லை என்று அர்த்தம். 20 ஜிபியாவது காலி செய்துவிட்டு மறுபடி முயலலாம். 'சி' எழுத்தோடு 1900101 என்று வந்தால் பெரும்பாலும் டிரைவர் கோளாறு. டிரைவர் என்பது டிஸ்ப்ளே, பிரிண்டர் போன்றவற்றை இயக்கும் சிறு புரோகிராம். பிரிண்டர், பென் டிரைவ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து போட்ட ஆன்டிவைரசை நீக்கிவிட்டு முயன்றால் பல சமயம் சரியாகிவிடும். 1900208 என்றால் ஏதோ ஒரு பழைய புரோகிராம் ஒத்துவரவில்லை. அதை எடுத்துவிட வேண்டும். இந்த மூன்றில் எதற்கும் ஃபார்மட் தேவையில்லை.

பழைய டெஸ்க்டாப்பில் இன்னொன்றும் பாருங்கள். உள்ளே நாணயம் போல ஒரு சின்ன பேட்டரி உண்டு. அது தீர்ந்துபோனால் ஒவ்வொரு தடவையும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் அப்டேட் சர்வர் நம் கம்ப்யூட்டரை நம்பாது. சொற்ப விலைப் பேட்டரியை மாற்றினால் தீர்கிற காரியம் இது.

மின்சாரம் நம் கடற்கரையில் தனிச் சங்கதி. ஆடிக் காற்றிலும் ஐப்பசி மழையிலும் அப்கிரேடு போட உட்காராதீர்கள். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை அறிவித்த நாளையும் தவிருங்கள். வீட்டு யூபிஎஸ் தாங்குவது சில நிமிடம். பழைய ஹார்டு டிஸ்கில் அப்கிரேடுக்கு மணிக்கணக்கில் ஆகும். லேப்டாப் என்றால் முழு சார்ஜ் ஏற்றி, பிளக்கும் சொருகியிருக்க வேண்டும். சதவீதம் ஒரே எண்ணில் நெடுநேரம் நின்றாலும், டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். பொறுத்திருங்கள்.

அப்படியும் திறக்கவில்லையா? இரண்டு மூன்று தடவை தொடர்ந்து கிளம்பத் தவறினால் விண்டோசே பழுதுபார்க்கும் திரையைக் காட்டும். அதில் 'டிரபிள்ஷூட்' என்பதற்குள் போனால் ஸ்டார்ட்அப் ரிப்பேர், கடைசியாகப் போட்ட அப்டேட்டை நீக்குதல், சிஸ்டம் ரெஸ்டோர் என்று படிப்படியாக வழி இருக்கிறது. அதற்கும் பிறகுதான் 'ரீசெட்'. அதிலும் நம் பைல்களை வைத்துக்கொண்டு செய்யும் வழி உண்டு, புரோகிராம்களை மட்டும் மறுபடி போட வேண்டியிருக்கும். எதுவுமே பலிக்காவிட்டாலும், டிஸ்க் நல்லபடி இருந்தால் அதைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி போட்டோக்களை எடுத்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: புதிய லேப்டாப்புகள் பலவற்றில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். அதற்கு 48 இலக்கச் சாவி எண் ஒன்று உண்டு. அதை முன்கூட்டியே ஒரு நோட்டில் எழுதி, பென்ஷன் புத்தகத்தோடு வையுங்கள்.

பெரிய கம்பெனிக்காரன் அனுப்பியது, தப்பாகுமா என்று கேட்பவர்களுக்கு 2018-ஐ நினைவுபடுத்துகிறேன். அந்த அக்டோபர் 2-ஆம் தேதி வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பு, சிலருடைய சொந்த பைல்களையே அழித்துவிட்டது. மைக்ரோசாப்ட் சில நாளிலேயே அதை நிறுத்தி, திருத்தி, நவம்பரில்தான் மறுபடி விட்டது. பேக்கப் வைத்திருந்தவர்களுக்கு அது ஒரு செய்தி. வைக்காதவர்களுக்கு இழவு வீடு.

விண்டோஸ் 10-க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட பிராசசரும் வேண்டும். பழைய கம்ப்யூட்டரில் அப்கிரேடு ஏறாமல் அடம்பிடிப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அப்போது ஃபார்மட் அடித்தும் பயனில்லை. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்பார்கள். அப்படி ஏற்றினால் பின்னால் அப்டேட் வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

அதற்காகப் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட வேண்டாம். 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினி, பேரப்பிள்ளைகள் படித்து முடித்த பிறகு நம் மேஜைக்கு வந்திருக்கும். முதல் ஆண்டுகளில் கொடுத்தவற்றில் விண்டோசோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. நாம்தான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பிரான்சின் ஜான்தார்மரி போலீஸ் படையே 2008-இல் லினக்சுக்கு மாற முடிவெடுத்தது. பேப்பர் படிக்க, மெயில் பார்க்க, வீடியோவில் பேத்தியைப் பார்க்க லினக்ஸ் தாராளமாகப் போதும். ஆனால் மாறும் முன்னும் பேக்கப்தான் முதல் வேலை.

பாம்பனில் புதுப் பாலம் கட்டியபோது 1914-ஆம் ஆண்டுப் பழைய பாலத்தை இடித்துவிட்டு அதே இடத்தில் கட்டவில்லை. பக்கத்தில் கட்டினார்கள். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதுப் பாலம் திறக்கப்பட்டபோதும் பழையது அங்கேயேதான் நின்றது. விண்டோசும் அப்கிரேடு முடிந்த பிறகு பழைய பதிப்பைப் பத்து நாள் வரை வைத்திருக்கும், பிடிக்காவிட்டால் திரும்பிப் போகலாம். இடம் அடைக்கிறதே என்று மறுநாளே அதை அழித்துவிடாதீர்கள்.

ஆகவே, இனி கம்ப்யூட்டரைக் கடைக்கு எடுத்துப் போகும்போது மூன்று வார்த்தை சொல்லுங்கள். "தம்பி, முதல்ல எர்ரர் நம்பர் என்னன்னு பாரு. என் போட்டோ, வீடியோ, டாக்குமெண்ட் எல்லாத்தையும் வேற டிஸ்க்ல எடுத்து எனக்குத் திறந்து காட்டு. அதுக்கப்புறம்தான் ஃபார்மட்." வெட்கப்பட வேண்டாம். கூடுதலாகச் சில நூறு ரூபாய் கேட்டால் கொடுத்துவிடுங்கள், அது நியாயமான கூலி. இதைக் கேட்டு முகம் சுளிக்கும் கடையாக இருந்தால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.