இணையக் கடையும் சிறுவணிகரும்: ஒரு மறுப்புரை

சிறுவணிகரைக் கைதூக்கிவிடுதற்கு இணையக் கடை ஒன்றே போதுமென்றும், அத்தகைய கடைகளை அமைக்கும் மென்பொருளை ஆக்கிப் பரப்புதலே கணினி கற்ற இளைஞர் தம் சமூகத்துக்கு ஆற்றக்கூடிய தலையாய பணியென்றும் ஒரு கருத்து இற்றைநாளில் நம்மிடையே வலுப்பெற்று வருகின்றது. கருத்தரங்குகளில் இது மொழியப்படுகின்றது. இறுதியாண்டு மாணவரின் செயற்றிட்டங்களில் இது ஏறத்தாழ ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. பத்து நிமிடத்திற் கடை தயார் என்னும் விளம்பரத்தை ஆராய்ச்சி முடிபாகக் கொண்டு மேடையேறுவோரும் உளர். மென்பொருள் வேண்டும் என்பதில் எமக்குப் பிணக்கில்லை. ஆயின், அது எவர் உடைமை, எவர் மொழியில் இயங்குவது, எவரது தொழிலை அறிந்து ஆக்கப்பட்டது என்னும் வினாக்களை எழுப்பாமலே அதன் புகழ் பாடப்படுவதை வாளாவிருந்து கேட்டுக்கொண்டிருத்தல் கற்றோர்க்கு அழகன்று.

இத்துறையின் தோற்றத்தை நோக்குவோமாயின், இன்றைய பரப்புரையாளர் மறந்துவிட்ட ஓர் உண்மை புலனாகும். 1995 ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவின் கேம்பிறிட்ஜ் நகரிற் போல் கிறஹாம், றொபேட் மொறிஸ் ஆகிய இருவர் முதலில் ஓவியக் கூடங்களை இணையத்துக்குக் கொண்டுவர முயன்றனர். கூடத்தார் அதனை விரும்பவில்லை. இலவசமாகச் செய்துதர முன்வந்தபோதும் இணங்கியோர் மிகச் சிலரே. காசு கொடுத்தோர் எவருமிலர். பின்னரே அவர்கள் கடைகளின் பக்கம் திரும்பினர். ட்றெவர் பிளக்வெல்லும் சேர்ந்துகொள்ள, வயாவெப் என்னும் மென்பொருள் உருவாயிற்று. வணிகன் தன் கணினியில் எதனையும் நிறுவவேண்டியதில்லை. உலாவியைத் திறந்து, தொலைவிலுள்ள வழங்கியில் இயங்கும் நிரலைக் கொண்டே தன் கடையை அமைத்துக்கொள்ளலாம். சிறு கடைக்கு மாதம் 100 டொலர், பெருங் கடைக்கு 300 டொலர் என்பது அவர்கள் விதித்த கட்டணம். 1996 ஆம் ஆண்டின் இறுதியிற் சுமார் 70 கடைகளும், அடுத்த ஆண்டின் இறுதியிற் சுமார் 500 கடைகளும் அதில் இருந்தன. 1998 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் யாகூ நிறுவனம் ஏறத்தாழ 49 மில்லியன் டொலர் பெறுமதியான பங்குகளைக் கொடுத்து அதனை வாங்கிக்கொண்டது.

எண்களையும் விற்பனை விலையையும் நம்மவர் ஒப்புவிப்பர். அவர்கள் ஒப்புவிக்காதது வேறொன்று. தொடக்கத்தில் அந்நிறுவனத்தார் வணிகருக்காகக் கடைகளைத் தம் கையாலேயே அமைத்துக் கொடுத்தனர்; பொருட்களின் படங்களையும் தாமே வருடியெடுத்தனர். ஆண்களின் சேட்டு விற்கும் கடையொன்றுக்காகக் கிறஹாம் எடுத்த படங்கள் அழகாகவே அமைந்தன. எனினும், சிறிய படத்தில் முழுச் சேட்டைக் காட்டுவதிலும் அதன் கழுத்துப்பட்டியை அண்மையிற் காட்டுவதே விற்பனைக்கு உகந்தது என்பதை அவர் பின்னரே கற்றுக்கொண்டார். அதன் விளைவாக முப்பது படங்கள் வரையில் மீண்டும் வருடவேண்டியதாயிற்று. வெற்றி பெற்ற இவ்விணையக் கடை மென்பொருள், கடைக்காரனிடம் பாடம் கேட்ட நிரலாளரால் ஆக்கப்பட்டது. இதனை விட்டுவிட்டு நிரலாக்க மொழியின் சிறப்பையும் முதலீட்டின் அளவையும் மட்டும் போற்றுதல் வேரைவிட்டு இலைக்கு நீர் வார்ப்பதை ஒக்கும்.

ஷொப்பிஃபையின் கதையும் இத்தகையதே. கனடாவின் ஒட்டாவா நகரிலே ரோபியாஸ் லுட்கே என்பவரும் அவர்தம் நண்பரும் 2004 ஆம் ஆண்டிற் பனிச்சறுக்குப் பலகைகளை விற்க ஓர் இணையக் கடை திறந்தனர். அந்நாளிற் கிடைத்த மென்பொருள்கள் எவையும் மனநிறைவு தராமையால் லுட்கே தமக்கு வேண்டியதைத் தாமே எழுதினார். அதுவே 2006 ஆம் ஆண்டிற் பிறரும் பயன்படுத்தத்தக்கதாக வெளிவந்தது. ஆகவே, அவர் முதலிற் கடைக்காரர். பின்னரே மென்பொருள் விற்பவர். நம் பல்கலைக்கழகங்களில் வரிசையே தலைகீழாயிருக்கின்றது. ஒரு நாளேனும் கடையிலிருந்து பொருள் நிறுத்துக் கொடுத்தறியாத மாணவன் ஷொப்பிஃபையின் திரைகளைப் பார்த்து அவற்றைப் போன்ற திரைகளை வரைகின்றான். அதற்குப் புள்ளியும் பெறுகின்றான். குற்றம் மாணவனுடையது அன்று, புள்ளியிடுவோருடையது.

இனி உடைமைப் பிரச்சினைக்கு வருவோம். வயாவெப் வகுத்த வழி வணிகனின் தலைச்சுமையைக் குறைத்தது என்பதை மறுத்தற்கில்லை. வழங்கியைப் பேணுதலும் பாதுகாப்புத் திருத்தங்களைச் செய்தலும் அவனால் இயலாதவை. எனினும், அவ்வழி அவனைக் குடிவாரக்காரனாகவும் ஆக்கிற்று. நிலம் பிறருடையது, உழைப்பு இவனுடையது, வாரம் மாதந்தோறும் அளக்கப்படவேண்டியது. இலங்கையிலே இவ்வாரம் டொலரில் அளக்கப்படுகின்றது என்பதையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். 2022 ஆம் ஆண்டின் மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 203 ரூபா. மே மாத நடுப்பகுதியில் அது சுமார் 360 ரூபா. அவ்வாண்டில் ஷொப்பிஃபையின் அடிப்படைத் திட்டத்துக்கு மாதக் கட்டணம் 29 டொலர். மார்ச் தொடக்கத்தில் 5,900 ரூபாவுக்குச் சற்றுக் குறைவாயிருந்த வாடகை இரண்டரை மாதங்களுக்குள் 10,400 ரூபாவைத் தாண்டிற்று. கடையில் ஒரு தட்டேனும் கூடவில்லை. ஒரு வாடிக்கையாளரேனும் அதிகரிக்கவில்லை. அதுமட்டுமன்று, அந்நிறுவனத்தின் சொந்தக் கொடுப்பனவுச் சேவை இந்நாட்டுக் கடைகளுக்குக் கிடைக்காமையால், வெளிக் கொடுப்பனவு வாயிலைப் பயன்படுத்தியமைக்காக ஒவ்வொரு விற்பனையிலும் மேலதிகமாக 2% அறவிடப்பட்டது. தான் தர மறுத்த ஒன்றைப் பிறரிடம் பெற்றமைக்கு விதித்த தண்டம் என்றே இதனைச் சொல்லவேண்டும்.

வாடகை கூடினாலும் வீடு நிலைக்குமென்று கொள்வதற்கும் இடமில்லை. ஈபே நிறுவனம் சிறுவணிகருக்கென நடத்திய புரோஸ்ரோர்ஸ், மகென்ரோ கோ ஆகிய இரு சேவைகளும் 2015 ஆம் ஆண்டு பெப்ரவரியில் மூடப்பட்டன. அமேசன் நிறுவனத்தின் வெப்ஸ்ரோர் 2016 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் மூடப்பட்டது. மூடியவை நலிந்த நிறுவனங்களல்ல; உலகின் மாபெரும் வணிக நிறுவனங்கள். இலாபக் கணக்கில் அவற்றுக்கு ஒரு வரி குறைந்தது. அவற்றை நம்பியிருந்த கடைக்காரனுக்கோ பொருட்பட்டியல், வாடிக்கையாளர் விபரம், தேடுபொறிகளிற் பல்லாண்டாகப் பெற்ற இடம் யாவற்றையும் தூக்கிக்கொண்டு வேறிடம் தேடவேண்டியதாயிற்று.

"அவ்வாறாயின் கட்டற்ற மென்பொருள் இருக்கின்றதே" என்று ஒரு சாரார் மறுமொழி கூறுவர். அவர்கள் கூற்றில் உண்மையுண்டு. ஜேர்மனியில் 2000 ஆம் ஆண்டிலே தோன்றிய ஓஎஸ்கொமேர்ஸ் முதலாக இவ்வகை மென்பொருள்கள் மூலநிரலைத் திறந்தே வைத்துள்ளன. ஜிகோஷொப் என்பதன் நிரலை எடுத்து, அதனினின்றும் கிளைத்ததாக 2011 ஆம் ஆண்டில் வூகொமேர்ஸ் எழுந்தமை, அத்திறந்த உரிமத்தினாலேயே சாத்தியமாயிற்று. ஆயினும், மூலநிரல் திறந்திருத்தல் மாத்திரம் காவலாகாது. 2008 ஆம் ஆண்டில் வெளிவந்த மகென்ரோவும் திறந்த நிரலே. 2015 இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தபோது பழைய நீட்சிகளும் வடிவமைப்புகளும் புதியதிற் பொருந்தவில்லை. 2018 இல் அடோபி நிறுவனம் 1.68 பில்லியன் டொலருக்கு மகென்ரோவை வாங்கிற்று. 2020 யூன் இறுதியோடு முதலாம் பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நிறுத்தப்பட்டன. இருந்த கடையைக் கைவிட்டு மீளக் கட்டுவதா, பூட்டில்லாத கதவோடு வணிகம் செய்வதா என்னும் இக்கட்டிற் பல வணிகர் நின்றனர். வாடிக்கையாளரின் அட்டை இலக்கங்களைக் களவாடுவோர்க்கு அத்தகைய கடைகள் எளிய இரையாயின. திறந்த நிரல் ஒரு கிணறு. அள்ளுதற்குக் கயிறும் கையும் வேண்டும். தனித்த கடைக்காரனிடம் அவ்விரண்டும் இல்லை.

அவை இல்லாதவிடத்து நிகழ்வதை இக்கட்டுரையாளர் நேரிற் கண்டதுண்டு. வடமராட்சியிற் பனம்பொருள் செய்து விற்கும் பெண்கள் சிலர், பனங்கட்டியும் ஒடியல்மாவும் புழுக்கொடியலும் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் விற்கலாமென்று நம்பி, ஒரு நிறுவனத்தின் மூலம் இணையக் கடை அமைப்பித்தனர். கட்டற்ற மென்பொருளே பயன்படுத்தப்பட்டது. ஆனால் கடையின் தளப்பெயர் நிறுவனத்தின் பெயரிற் பதியப்பட்டிருந்தது, கடவுச்சொற்கள் அவர்களிடமிருந்தன. ஓராண்டு சென்றதும் புதுப்பித்தற் கட்டணம் கேட்டுக் கடிதம் வந்தது. பின்னர் நிறுவனத்தின் தொலைபேசியே ஓய்ந்துவிட்டது. உதவிக்கென இக்கட்டுரையாளர் சென்றபோது அப்பெண்களுள் மூத்தவர் கேட்டது ஒன்றே: "தம்பி, கடை போனாப் போகட்டும். ஆர் ஆர் எங்களிட்டை வாங்கினவை எண்ட லிஸ்ற்றையாவது எடுத்துத் தரேலுமோ?" இயலவில்லை. மென்பொருளின் உரிமத்தைப் பற்றி நாம் வகுப்பறையில் விவாதித்துக்கொண்டிருந்த காலத்தில், அவ்வம்மையார் சிறுவணிகத்தின் உயிர்நிலை எதுவென்பதை ஒரே வாக்கியத்திற் சொல்லிவிட்டார்.

அக்கடையின் முகப்பு அழகானதாகவே இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். குறை அதன் உள்ளே இருந்தது. பனங்கட்டியைக் குட்டானிலே எண்ணி விற்பது அங்குள்ள வழக்கம். குட்டானுக்குக் குட்டான் நிறை வேறுபடும். மென்பொருளோ ஒரே நிறையுள்ள பொதிகளையே அறிந்திருந்தது. அந்நிறையைக் கொண்டே அனுப்புகூலியும் கணித்தது. பனங்கிழங்கு ஒரு பருவத்துப் பொருள் என்பதையும் அது அறியாது. மொழி விடயத்திலோ நிலைமை இன்னும் மோசமாயிருந்தது. விபரங்களுட் சில பாமினி எழுத்துருவிற் தட்டச்சுச் செய்யப்பட்டவாறே ஏற்றப்பட்டிருந்தன. தமிழ் 1991 ஆம் ஆண்டிலேயே யுனிகோட்டின் முதற் பதிப்பில் இடம்பெற்றுவிட்டது. எனினும், பாமினியிற் தட்டிய சொல்லைத் தேடுபொறி பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே காணும். யுனிகோட்டில் எழுதியவிடத்தும் பனங்கட்டியைத் தேடுவார் கருப்பட்டி என்று தேடலாம். பனைவெல்லம் என்றும் தேடலாம். மூன்றும் ஒன்றென்பதை எவரேனும் மென்பொருளுக்குக் கற்பிக்கவேண்டும். கூடை என்னும் நல்ல சொல் இருக்க, வாங்கிய பொருட்களை வணிக வண்டியில் ஏற்றச் சொல்லும் மொழிபெயர்ப்பைக் கண்டு வாடிக்கையாளர் திகைப்பதில் வியப்பில்லை. இவை சில்லறை விடயங்கள் என்று ஒதுக்குவோர் சில்லறை வணிகத்தைப் பற்றிப் பேசாதிருத்தல் நன்று.

பரப்புதல் என்னும் பெயரில் நிகழ்வதைப் பற்றியும் ஒரு சொல். முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் படம் போட்டு விற்போரைப் பின்தங்கியோர் என்று இப்பரப்புரையாளர் எள்ளுகின்றனர். உண்மையில் அவ்விற்பனையாளர், கேட்பவருக்கு விடை சொல்லி, விலை பேசி, நம்பிக்கை ஊட்டி, பொருள் கைக்குச் சேர்ந்த பின்னரே காசு பெற்று, ஒரு முழு வணிக முறையையே நடத்துகின்றனர். அவர்களின் இடர் முகப்பில் இல்லை. எவர் கேட்டார், எவருக்கு அனுப்பியாயிற்று, எது வாசலில் மறுக்கப்பட்டுத் திரும்பியது, அதன் கூலியை எவர் சுமப்பது என்னும் கணக்குகள் அப்பியாசக் கொப்பியிலும் நினைவிலும் சிதறிக் கிடப்பதே அவர்களின் இடராகும். அக்கொப்பியின் இடத்தை நிரப்பும் மென்பொருளுக்கு விளம்பரம் வேண்டியதில்லை. ஒரு விற்பனையாளர் மற்றவருக்குச் சொல்வார்.

இனி என் கருத்து. இந்நாட்டிற் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் 1957 முதலாக ஊர்தோறும் எழுந்தன. மூளாயில் ஒரு வைத்தியசாலையையே கூட்டுறவாக நடத்திக்காட்டிய சமூகம் நம்முடையது. பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் வடபுலத்தில் இன்றும் உள்ளன. அச்சங்கங்களிற் குறையில்லை என்பதன்று என் வாதம். கட்சிக் குறுக்கீட்டாலும் கணக்குக் குளறுபடிகளாலும் நலிந்தவை பல. ஆயினும், தனியொருவனுக்கு எட்டாத கயிற்றையும் கையையும் பலர் சேர்ந்து வாங்குதற்கு அவற்றிலும் உகந்த அமைப்பு நம்மிடம் இல்லை. ஓப்பின்காட், பிறெஸ்ராஷொப் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் ஒரே நிறுவலிற் பல கடைகளை நடத்த இடந்தருகின்றன. ஒரு சங்கம் அத்தகைய நிறுவலொன்றைத் தன் பெயரிலே பதிந்து, அங்கத்தவருக்கு ஆளுக்கொரு கடை கொடுத்து, பேணுதற் செலவை ரூபாவிலே பங்கிட்டுக்கொள்ள முடியும். முழுநேர ஊழியர் ஒருவரின் சம்பளத்தை ஒரு கடை தாங்காது. ஐம்பது கடைகள் தாங்கும்.

இதிற் பல்கலைக்கழகத்தின் பங்கு புதியதொரு மென்பொருளை ஆக்குவதன்று. இருப்பவற்றுக்குக் குட்டான் கணக்கையும் பருவத்தையும் கற்பித்தல், மூன்று பெயரும் ஒரு பொருளென அறியும் தமிழ்த் தேடலை அமைத்தல், திரும்பிவந்த பொதியின் கணக்கைச் சேர்த்தல் ஆகியவை இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்குப் போதியனவும் மிகையானவுமாகும். அவற்றைத் தொடங்குமுன் மாணவர் ஒரு மாதம் சங்கக் கடையிற் கிளாக்கரோடு இருந்து சிட்டை எழுதவேண்டுமென்று துறையினர் விதிப்பாராக. ஆக்கப்படும் கடை ஒவ்வொன்றிலும் வாடிக்கையாளர் பட்டியலையும் பொருட்பட்டியலையும் கடைக்காரரே எந்நேரமும் ஒரு கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி இல்லாவிடிற் புள்ளி வழங்கலாகாது என்பதையும் அதனுடன் விதிப்பாராக. அவ்வாறு இறக்கிய பட்டியலின் முதற் பிரதி அச்சாகி அச்சங்கத்தின் அலுமாரிக்குப் போகட்டும்.