மாலில் நான்கு, கடற்படையில் மூன்று

கனடாவின் நீர்மூழ்கிக் கப்பல்களைப் பற்றிப் பேச்செடுத்தால் அந்த நாட்டுக்காரர்கள் முதலில் சொல்வது ஒரு ஷாப்பிங் மாலின் பெயரைத்தான். எட்மண்டன் நகரில் இருக்கும் வெஸ்ட் எட்மண்டன் மால். 1980களில் அந்த மாலுக்குள்ளேயே ஒரு செயற்கை ஏரி கட்டி, டிக்கெட் வாங்கியவர்களை ஏற்றிக்கொண்டு தண்ணீருக்கடியில் போய்வர நான்கு குட்டி நீர்மூழ்கிகளை விட்டார்கள். அதே காலத்தில் கனடா கடற்படையிடம் இருந்தவை மூன்று. எட்மண்டன் இருக்கும் ஆல்பர்ட்டா மாகாணத்துக்குக் கடற்கரையே கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உலகத்திலேயே நீளமான கடற்கரை (2 லட்சத்து 40 ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல்) உள்ள நாட்டில், கடலைப் பார்க்காத ஊரின் கடைத்தெரு கடற்படையை முந்திவிட்டது!

முப்பது வருடங்களுக்கு மேலாக இந்த ஜோக்கை விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நல்ல ஜோக்தான். ஆனால் நாட்டின் பாதுகாப்பு விஷயம் ஒன்று இத்தனை காலம் ஜோக்காகவே ஓடினால் அதனால் யாருக்கு லாபம் என்று ஒரு வரவு செலவுக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டாமா? சிரித்துவிட்டுப் போகிறவன் பில்லைக் கேட்பதில்லை. அரசியல்வாதிக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

கனடா நீர்மூழ்கி வாங்கிய கதையை ஆதியிலிருந்து பார்த்தால்தான் இதன் ருசி தெரியும். 1914 ஆகஸ்ட். முதல் உலகப் போர் வெடிக்கப் போகிறது. பசிபிக்கில் ஜெர்மன் போர்க்கப்பல்கள் சுற்றுகின்றன என்று பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் பீதி. பக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஒரு கப்பல் கட்டும் கம்பெனி சிலி நாட்டுக்காக இரண்டு நீர்மூழ்கிகளைக் கட்டி வைத்திருந்தது. சொன்ன தரத்தில் இல்லை என்று சிலி பணம் தராமல் இழுத்துக்கொண்டிருந்தது. விஷயம் மாகாணப் பிரதமர் ரிச்சர்ட் மெக்பிரைடு காதுக்குப் போனது. மனிதர் ஒட்டாவாவில் இருந்து பதில் வரும்வரை காத்திருக்கவில்லை. மாகாண கஜானாவில் இருந்து 11 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குச் செக் எழுதிவிட்டார்!

போர் வந்துவிட்டால் நடுநிலை நாடான அமெரிக்கா கப்பல்களை வெளியே விடாது. அதனால் ஆகஸ்ட் 4 இரவு இரண்டும் சியாட்டிலில் இருந்து திருட்டுத்தனமாகக் கிளம்பின. மறுநாள் காலை நடுக்கடலிலேயே கப்பலைச் சோதித்துப் பார்த்து, செக்கைக் கையில் கொடுத்து வாங்கினார்கள். எஸ்குவிமால்ட் துறைமுகத்துக்கு வந்தபோது கரையில் இருந்த பீரங்கிக்காரர்கள் எதிரி என்று நினைத்துச் சுட இருந்தார்களாம். யாரும் அவர்களுக்குச் சொல்லி வைக்கவில்லை. ஒரு மாகாண அரசு சில நாட்கள் சொந்தமாக நீர்மூழ்கிப் படை வைத்திருந்த விசித்திரம் இப்படி நடந்தது. அப்புறம் மத்திய அரசு அவற்றை எடுத்துக்கொண்டது. சிலிக்குப் பேசிய விலையைவிட அதிகம் கொடுத்ததால் விசாரணைக் கமிஷன்கூட வைத்தார்கள். மெக்பிரைடு மேல் குற்றம் இல்லை என்று முடிந்தது.

அடுத்த வருடமே மான்ட்ரியாலில் இருந்த ஒரு தொழிற்சாலை பிரிட்டிஷ் கடற்படைக்காக வரிசையாக நீர்மூழ்கிகளைக் கட்டிக் கொடுத்தது என்பது இதில் வேடிக்கை. ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுக்கிற தையல்காரர் தனக்கு மட்டும் பழைய சட்டை வாங்கிப் போட்டுக்கொண்ட மாதிரி.

அதன் பிறகு வந்தவற்றைப் பாருங்கள். முதல் போர் முடிந்ததும் பிரிட்டன் தானமாகக் கொடுத்த இரண்டு. இரண்டாம் உலகப் போர் முடிவில் சரணடைந்த இரண்டு ஜெர்மன் கப்பல்கள். 1960களில் அமெரிக்காவிடம் இருந்து வந்த பழைய கப்பல்கள், ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு. மாலோடு போட்டியில் தோற்ற அந்த மூன்றும் ஓபரான் வகை. அவைதான் புத்தம் புதிதாக வந்தவை. அதிலும் முதலாவதை பிரிட்டிஷ் கடற்படை தனக்கென்று கட்டிக்கொண்டிருந்தபோது பாதியில் கனடாவுக்கு மாற்றிக் கொடுத்தது. தானம், பறிமுதல், பழசு... ஒரு வீட்டில் இருக்கும் மேஜை நாற்காலி எல்லாம் இப்படி வந்ததாக இருந்தால் அந்த வீட்டுக்காரரைப் பற்றி என்ன நினைப்பீர்கள்?

1987ல் திடீரென்று வீரம் வந்தது. அணுசக்தியில் ஓடும் நீர்மூழ்கிகள் பத்து முதல் பன்னிரண்டு வாங்குவதாக அரசு வெள்ளை அறிக்கை விட்டது. 1989ல் பட்ஜெட்டைப் பார்த்ததும் வீரம் போய்விட்டது. திட்டம் ரத்து.

பிறகுதான் 1998 பேரம். பிரிட்டன் அப்ஹோல்டர் என்ற வகையில் நான்கு டீசல் மின்சார நீர்மூழ்கிகளைக் கட்டி 1990 முதல் 1993க்குள் படையில் சேர்த்திருந்தது. பனிப்போர் முடிந்ததும் இனி அணுசக்திக் கப்பல்கள் மட்டும் போதும் என்று முடிவெடுத்து 1994ல் நான்கையும் ஓரம் கட்டிவிட்டது. நான்கு வருடம் அப்படியே கிடந்தவற்றை சுமார் 75 கோடி கனடா டாலருக்கு கனடா எடுத்துக்கொண்டது. புதிதாக வாங்கினால் ஆகும் செலவில் இது கொஞ்சம்தான் என்று அரசு பெருமைப்பட்டது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று நம் ஊரில் சொல்வார்கள். இது தானமும் இல்லை, காசு கொடுத்து வாங்கியது. பல்லைக் கொஞ்சம் பிடித்துப் பார்த்திருக்கலாம்.

ஓடாமல் நின்ற பைக்கை வாங்கியவர்களுக்கு அடுத்து நடந்ததைச் சொல்லவே வேண்டியதில்லை. விக்டோரியா என்று பெயர் மாற்றிய கப்பலின் உடம்பில் ஒரு பள்ளம் கண்டுபிடித்தார்கள். 2004ல் அதே கப்பலுக்குப் பொருந்தாத மின்கருவியை இணைத்து உள்ளே இருந்த மின் அமைப்பையே கெடுத்தார்கள். 2000 டிசம்பரில் படையில் சேர்ந்த விக்டோரியா முதல்முறையாக நிஜ டார்பிடோ சுட்டது 2012ல். கார்னர் புரூக் என்ற இன்னொன்று 2011ல் வான்கூவர் தீவுப் பக்கம் பயிற்சியின்போது கடலின் தரையில் போய் இடித்தது. 2019ம் வருடம் முழுக்க நான்கு கப்பல்களும் சேர்ந்து கடலில் கழித்த நாட்கள் பூஜ்யம். மால்காரர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே, 2000களின் நடுவில், தங்கள் நீர்மூழ்கி சவாரியை நிறுத்திவிட்டார்கள். ஆக 2019ல் பூஜ்யத்துக்குப் பூஜ்யம், ஆட்டம் டிரா :-)

சிரிப்பை இங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும். நான்காவது கப்பல் ஷிகூட்டிமி. 2004 அக்டோபரில் பிரிட்டன் அதை ஒப்படைத்தது. ஸ்காட்லாந்தில் இருந்து கனடாவுக்குக் கிளம்பிய மறுநாள், அக்டோபர் 5ம் தேதி, அயர்லாந்துக்கு அப்பால் மோசமான கடலில் போய்க்கொண்டிருந்தது. மேல் கோபுரத்தின் இரண்டு மூடிகளும் திறந்திருந்த நேரத்தில் அலை ஏறி உள்ளே தண்ணீர் கொட்டியது. உப்புத் தண்ணீர் மின்கம்பிகள் வரை போய்த் தீப்பிடித்தது. புகையில் பலர் பாதிக்கப்பட்டார்கள். லெப்டினன்ட் கிறிஸ் சாண்டர்ஸ் ஹெலிகாப்டரில் அயர்லாந்துக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்தார். வயது 32. மனைவியும் இரண்டு சின்னக் குழந்தைகளும் வீட்டில் இருந்தார்கள். அந்தக் கப்பலை அப்புறம் இன்னொரு பெரிய கப்பலின் முதுகில் ஏற்றித்தான் கனடாவுக்குக் கொண்டுவர முடிந்தது. முறையாகப் படையில் சேர்ந்தது 2015ல். வாங்குவதாக அறிவித்து 17 வருடம் கழித்து.

இப்போது பட்டிமன்றம். 'கனடாவுக்கு நீர்மூழ்கி தேவையா, தேவையில்லையா?'

தேவையில்லை அணி சொல்வது எளிது. ஓடாத கப்பலுக்கு வருடா வருடம் கோடிக்கணக்கில் கொட்டுவது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை. பக்கத்து வீட்டில் அமெரிக்கா இருக்கிறது. எதிரி வந்தால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான்கையும் மாலுக்கே விற்றுவிடுங்கள், அவர்களாவது டிக்கெட் போட்டுக் காசு பார்ப்பார்கள்!

தேவை அணியிடம் ஜோக் கம்மி, ஆனால் சரக்கு இருக்கிறது. நீர்மூழ்கியின் வேலையே கண்ணில் படாமல் இருப்பதுதான். அது எங்கே இருக்கிறது என்று தெரியாதபோது ஒரு கப்பலைத் தேட எதிரி பத்துக் கப்பல்களை அனுப்ப வேண்டும். கிண்டலுக்கு ஆளான இதே ஷிகூட்டிமி 2017-18ல் 197 நாள் பயணமாக ஆசிய பசிபிக் போய், வட கொரியா மீதான ஐ.நா. தடைகளை மீறும் கப்பல்களைக் கண்காணிக்கும் வேலையில் பங்கெடுத்துத் திரும்பியது. 2019ன் அந்தப் பூஜ்யத்துக்கு ஒரு காரணம் இப்படி ஓடிக் களைத்த கப்பல்கள் ஒரே நேரத்தில் பட்டறையில் நின்றது. இதை அந்த அணி சொன்னால் யாரும் கைதட்டுவதில்லை. நீண்ட பயணத்தை வைத்து ஜோக் செய்ய முடியாதே.

இரண்டு அணியும் விட்டுவிட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. வணிகவியலில் 'சங்க் காஸ்ட்' என்பார்கள், மூழ்கிப்போன செலவு. (நீர்மூழ்கிக்கு இதைவிடப் பொருத்தமான வார்த்தை கிடைக்குமா?) போன பணத்தைப் பார்த்து முடிவெடுக்காதே, இனி ஆகப் போகிற செலவையும் கிடைக்கப் போகிற பலனையும் மட்டும் பார் என்பது பாடம். கனடா செய்தது இரண்டும் இல்லை. கப்பலை வைத்துக்கொள்ளவும் வேண்டும், அதற்கு ஆகும் முழுச் செலவையும் கொடுக்கக் கூடாது. யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம். உதிரி பாகம் கிடைக்காமல் ஒரு கப்பலில் இருந்து பிடுங்கி இன்னொன்றில் மாட்டினார்கள். இந்த வகையில் உலகத்திலேயே மொத்தம் நான்குதான். கடைக்குப் போய்ப் பாகம் வாங்க முடியாது. அந்த உதிரி பாகச் செலவை 1998ல் யாரும் விலைப் பட்டியலில் சேர்க்கவில்லை.

இந்தியர்கள் ரொம்பச் சிரிக்க வேண்டாம். ரஷ்யாவின் அட்மிரல் கோர்ஷ்கோவ் விமானந்தாங்கிக் கப்பல் நமக்கு இலவசம், புதுப்பிக்கும் செலவு மட்டும் 97 கோடி டாலர் என்று 2004ல் ஒப்பந்தம் போட்டோம். விக்ரமாதித்யா என்ற பெயரில் 2013ல் அது கைக்கு வந்தபோது பில் 235 கோடி டாலர். விலை மலிவு என்று யார் சொன்னாலும் அடுத்த கேள்வி ரிப்பேர் செலவைப் பற்றித்தான் இருக்க வேண்டும், விற்கிறவர் நண்பராகவே இருந்தாலும்.

டென்மார்க் 2004ல் ஒரு காரியம் செய்தது. நீர்மூழ்கிப் படையே வேண்டாம் என்று கலைத்துவிட்டது. சரியா தப்பா என்று அந்த நாட்டிலேயே சண்டை உண்டு. ஆனால் அது நேர்மையான முடிவு. கனடா முழுசாக வைத்துக்கொள்ளவும் இல்லை, விட்டுவிடவும் இல்லை. காகிதத்தில் நான்கு என்று எழுதிக்கொண்டது. இந்த நடுவழிதான் மற்ற இரண்டைவிட அதிகச் செலவு. அதுவும் பணச் செலவு மட்டும் இல்லை என்பது ஷிகூட்டிமியில் தெரிந்தது.

2024 ஜூலையில் கனடா அரசு ஆர்க்டிக் பனிக்கு அடியிலும் போகக்கூடிய புதிய நீர்மூழ்கிகளைப் பன்னிரண்டு வரை வாங்கப்போவதாக அறிவித்தது. 2025 ஆகஸ்டில் ஜெர்மனியின் டி.கே.எம்.எஸ்., தென் கொரியாவின் ஹன்வா ஓஷன் ஆகிய இரண்டு கம்பெனிகளை இறுதிச் சுற்றுக்கு எடுத்தது. இந்த முறை பழசு இல்லை, நல்ல விஷயம். ஆனால் 1987 அறிவிப்பிலும் அதிகபட்சம் இதே பன்னிரண்டுதான்.

முதல் புதிய கப்பலை 2035க்குள் வாங்கிவிட வேண்டும் என்பது திட்டம். ஒரு கப்பலுக்கு இப்போது தேவைப்படுகிறவர்கள் 48 பேர். கடலுக்குள் இருந்து பழகாமல் ஒருவர் நீர்மூழ்கி மாலுமி ஆக முடியாது. 2035ல் அந்தப் புதிய கப்பலில் ஏறப்போகிற பையனோ பெண்ணோ இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். அவர்கள் பழகுவதற்குக் கனடாவிடம் இருக்கும் கப்பல்கள் இந்த நான்கும்தான். அதில் மூத்தது முதன்முதலில் தண்ணீரில் இறங்கியது 1986ல், மாலில் நீர்மூழ்கிகள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில்.