பழி யார் மேல்?

பைத்தானில் எழுதிய நிரல், சி மொழியில் எழுதிச் சேர்த்த துணைநிரலை அழைத்த கணமே சொல்லாமல் கொள்ளாமல் சாய்ந்துவிடுகிறது. உடனே நம் மாணவர் சிலர், “சி நமக்கு வராது” என்று ஒதுங்கிவிடுகின்றனர். என்ன அநியாயம்!

பைத்தானும் சி மொழியில் எழுதப்பட்டதே. 2010-இல் வந்த பைத்தான் 2.7, விண்டோஸுக்காக விஷுவல் சி++ 2008 கொண்டு கட்டப்பட்டது. துணைநிரலை வேறு பதிப்பில் கட்டினால், நினைவகத்தையும் கோப்புகளையும் மேய்க்கும் சி ரன்டைம் இரண்டாகிவிடும். ஒரே கடையில் இரு கணக்குப்பிள்ளைகள், தனித்தனிப் பேரேடு! ஒருவர் ஒதுக்கிய நினைவகத்தை மற்றவர் விடுவிக்கப் புகுந்தால் கணக்குக் குலையாதோ? ஒருவர் திறந்த கோப்பை மற்றவரிடம் நீட்டினாலும் இதே கதிதான். கம்பைலரோ வாய் திறவாது. மாணவன் எழுதிய வரிகளில் குற்றம் ஏது?

2015-இல் பைத்தான் 3.5 யூனிவர்சல் சி ரன்டைமுக்கு மாறியபின் இத்தொல்லை பெரிதும் தணிந்தது. ஆயினும் டீபக், ரிலீஸ் கட்டுகளைக் கலப்போர்க்கு இன்றும் இடர் உண்டு.

சி மொழியின் இலக்கணத்திற்கு ஒரு பருவம் முழுவதும் ஒதுக்குகிறார்கள். கட்டிய நிரல் எந்த ரன்டைமோடு இணைகிறது என்று காட்ட ஒரு பிற்பகல் போதும். அதைப் பாடத்தில் சேர்க்குமாறு நம் மன்றம் துறையினரைக் கேட்கலாமே! அதுவரை, துணைநிரல் எழுதிப் பிறருக்குத் தரும் நண்பர்கள், கம்பைலரின் பெயரையும் பதிப்பையும் முதல் வரியிலேயே குறித்துத் தரட்டும்.