நேற்று நின்ற மில், இன்று குறைந்த டன்

“நேத்து மில்லு நின்னுச்சு சார், ரோல் மாத்துனாங்க. இன்னிக்கு ஃபுல்லா ஓட்டினோம். ஆனா இன்னிக்குத்தான் டன்னு கம்மியா காட்டுது.”

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கும் ஒரு கம்பி ஆலையிலிருந்து, எடை போடும் ஆபரேட்டர் ஒருவர் போனில் சொன்ன புகார் இது. பில்லெட் என்ற எஃகுக் கட்டையை உலையில் காய்ச்சி, உருட்டிக் கம்பியாக்கி, கட்டுக் கட்டாக எடை போடும் ஆலை. தராசு காட்டும் எடையை வாங்கிச் சீட்டு அடிக்கும் மென்பொருளை எழுதிய குழுவில் நானும் இருந்தேன்.

நேற்று நின்றதற்கு இன்று எப்படிக் குறையும்? சென்னை அலுவலகத்தில் மூன்று முறை ஓட்டிப் பார்த்தோம், கணக்கு சரியாகவே வந்தது. “எங்களிடம் இந்தப் பிழை வரவில்லை” என்று எழுதி, அந்தப் புகாருக்கான டிக்கெட்டை மூடினேன். அடுத்த மாதம் அதே ஆள், அதே புகார். அதையும் மூடினேன். மூன்றாவது முறை அவர் போன் செய்யவில்லை, ஆலை மேலாளர் செய்தார். டன் கணக்கை வைத்துத்தான் ஷிஃப்ட் ஆட்களுக்கு ஊக்கத்தொகை போடுகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் சாயங்காலம் மூர் மார்க்கெட்டில் புறநகர் வண்டி ஏறினேன். மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டி இறங்கி, இரவு 10 மணிக்குத் தொடங்கும் சி ஷிஃப்ட்டில் அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அவர் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு. ஒவ்வொரு கட்டின் எடையையும் அதில் தனியாக எழுதிக்கொண்டு வந்தார். பன்னிரண்டு தாண்டியதும் ஒரு சீட்டைக் கிழித்து என் கையில் கொடுத்தார். சீட்டில் தேதி மாறியிருந்தது. அவ்வளவுதான் விஷயம். நாங்கள் எழுதிய நிரல், தேதியையும் ஷிஃப்ட்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டது. ஆகவே இன்றைய சி ஷிஃப்ட் கணக்கில், இன்று இரவு 10 முதல் 12 வரை ஓடிய டன்னோடு, நேற்றைய ஷிஃப்ட்டின் நள்ளிரவுக்குப் பிந்தைய ஆறு மணி நேரமும் வந்து உட்கார்ந்துகொண்டது. கூட்டினால் எட்டு மணி நேரம். பார்வைக்குச் சந்தேகமே வராது. நேற்று மில் நின்றிருந்தால்தான் இன்றைய கணக்கில் குறை தெரியும். அவர் போனில் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. பகலில் சோதித்த எங்களுக்கு அது புரியாத பேச்சாகப் பட்டது.

1998-ல் மொசில்லா திட்டத்துக்காக எழுதப்பட்ட பக்ஸில்லா என்ற பிழைப் பதிவேட்டில், புகாரை மூடுவதற்கான காரணங்களில் ஒன்றின் பெயர் ‘வொர்க்ஸ் ஃபார் மீ’. என்னிடம் நன்றாகத்தான் ஓடுகிறது என்று அர்த்தம். இந்தத் தொழிலில் இதைவிட ஆபத்தான சொல் எனக்குத் தெரிந்து இல்லை. தெராக்-25 என்ற புற்றுநோய்க் கதிர்வீச்சு இயந்திரம் 1985-க்கும் 1987-க்கும் இடையில் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைக் கொடுத்தது. சிலர் இறந்தார்கள். அமெரிக்காவின் டெக்சாஸில் 1986-ல் முதல் விபத்து நடந்ததும் தயாரிப்பாளரின் பொறியாளர்கள் வந்து பார்த்தார்கள், அவர்களால் பிழையை வரவழைக்க முடியவில்லை. இரண்டாவது விபத்துக்குப் பிறகு மருத்துவமனை இயற்பியலாளரும் இயந்திரத்தை இயக்கிய பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்து கண்டுபிடித்தார்கள்: பழகிய கை வேகமாகத் தட்டச்சு செய்து திருத்தினால் மட்டுமே அந்தப் பிழை வரும். சோதிக்க வந்தவர்களுக்கு அந்த வேகம் இல்லை.

கும்மிடிப்பூண்டியில் அன்றிரவு நான் கற்ற இன்னொன்று, ஆலையின் பிரேக்டவுன் சீட்டு. மோட்டார் நின்றால் ஆபரேட்டர் எழுதுவார்: எந்த மெஷின், எத்தனை மணிக்கு, என்ன செய்துகொண்டிருந்தபோது. மெயின்டெனன்ஸ் ஆட்கள் வந்து சரிசெய்து தாங்கள் செய்த வேலையை எழுதுவார்கள். ஆனால் சீட்டை மூடும் கையெழுத்து அவர்களுடையது இல்லை. மெஷினை ஓட்டிப் பார்த்துவிட்டு, புகார் எழுதிய ஆபரேட்டர்தான் போட வேண்டும். எங்கள் குழுவில் பிழையைச் செய்தவனே திருத்தி, திருத்தியவனே மூடிக்கொண்டிருந்தான்.

புது வசதி கேட்பதும் இதோடு ஒட்டிய சங்கதி. அதே ஆபரேட்டர் முன்பே ஒரு முறை, “பட்டனைக் கொஞ்சம் பெருசா வெச்சா நல்லாருக்கும் சார்” என்று கேட்டிருந்தார். அதை ‘கூடுதல் வசதி’ என்று குறித்துப் பட்டியலின் அடியில் தள்ளியிருந்தோம். நேரில் பார்த்தால், கையில் தோல் கையுறை. தொடுதிரையின் சின்னப் பட்டனில் விரல் சரியாகப் படாது. ஒவ்வொரு கட்டுக்கும் பேனாவின் பின்பக்கத்தால் குத்திக் குத்தி, ‘சேமி’ பட்டன் இருக்கும் இடம் வெள்ளையாகத் தேய்ந்துபோயிருந்தது. அவருக்கு அது பிழை. எங்கள் மேஜையில் அது வசதி. இந்தக் கோட்டைக் கிழிக்கும் உரிமை எங்களுக்கு மட்டும் எப்படி வந்தது என்று இன்றும் கேட்டுக்கொள்கிறேன்.

கேட்டதையெல்லாம் செய்துவிட முடியாது, உண்மைதான். பீகார், ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளர்களுக்காக இந்தியிலும் திரை வேண்டும் என்று கேட்டார்கள். அந்த வருடம் எங்களிடம் ஆள் இல்லை. இப்போது முடியாது, காரணம் இது என்று நேராகச் சொன்னோம். யாரும் கோபிக்கவில்லை. பதிலே வராமல் வருடக்கணக்கில் கிடப்பதுதான் மனிதரை வாய் மூட வைக்கிறது. அடுத்த முறை அவர் சொல்லவே மாட்டார்.

2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடி டைடல் தகவல் தொழில்நுட்பப் பூங்காவைத் திறந்தார்கள். கும்மிடிப்பூண்டியும் காக்களூர் தொழிற்பேட்டையும் இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டம். அந்தப் பூங்காவில் வேலைக்குச் சேரும் பிள்ளைகள், ஆலைக்கு மென்பொருள் எழுதுவதாக இருந்தால், முதல் மாதத்திலேயே ஒரு சி ஷிஃப்ட் முழுக்க ஆபரேட்டர் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது என் ஆசை.

கணக்கைத் திருத்தி, இனி ஷிஃப்ட் தொடங்கிய தேதியிலேயே எல்லாக் கட்டுகளும் ஏறும்படி மாற்றினோம். ஆபரேட்டருக்குப் போன் போட்டு, “சரியாயிடுச்சாண்ணே, டிக்கெட்டை மூடிடலாமா?” என்று கேட்டேன்.

“மில்லு ஒரு தடவ நிக்கட்டும் சார். அதுக்கு மறுநாள் பாத்துட்டுச் சொல்றேன்.”

மில் நிற்கப் பதினோரு நாள் ஆனது. அதுவரை டிக்கெட் திறந்தே இருந்தது.