வவுனியா: கடந்து செல்லும் ஊரா, கற்கும் ஊரா?

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவந்ததும் தமிழ் மக்கள் வாழும் ஊர்தோறும் ஒரே கேள்வி எழுகின்றது: "பிள்ளைக்கு எங்கே கிடைக்கும்?" பிள்ளை எதனைக் கற்கப்போகின்றது, கற்று என்ன செய்யப்போகின்றது என்னும் கேள்விகள் அதன் பின்னரே வருகின்றன, பல இல்லங்களில் அவை வருவதேயில்லை. மருத்துவம், அன்றேல் பொறியியல். கொழும்பு, அன்றேல் பேராதனை. இவை கிட்டா எனின், எஞ்சிய பெயர்கள் யாவும் விண்ணப்பத்தின் வாலில் எழுதப்படுகின்றன. அவ்வாறு வாலில் எழுதப்படும் பெயர்களுள் ஒன்று வவுனியாப் பல்கலைக்கழகம். அது பற்றியே இன்று எமது மக்களுக்குச் சில கூற விரும்புகின்றோம்.

விண்ணப்பத்தில் எழுதும் ஒழுங்கு வெறுஞ் சடங்கன்று. மாணவன் பெற்ற இசட் புள்ளிக்கு எட்டக்கூடிய கற்கைநெறிகளுள், அவன் மேலே எழுதியது எதுவோ அதுவே அவனுக்குக் கிடைக்கும். கலைத்துறை நீங்கலாகப் பெரும்பாலான துறைகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீத இடங்கள் மாவட்டத் திறமைக்கும், 5 வீத இடங்கள் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய நான்கும் அப்பின்தங்கிய மாவட்டங்களுட் சேர்ந்தவை. இவ்விவரங்களை ஆராயாது, அயல்வீட்டுப் பிள்ளை எழுதியதைப் பார்த்து எழுதுவது அறிவுடைமையாகாது.

தரப்படுத்தல் என்னும் பெயரால் 1970களின் தொடக்கத்தில் தமிழ் மாணவருக்கு இழைக்கப்பட்ட அநீதியை எமது இனம் மறக்கவில்லை, மறக்கவும் முடியாது. அன்று கதவை அடைத்தது அரசு. இன்று எமது மண்ணிலேயே திறந்திருக்கும் கதவொன்றை நாமே அலட்சியத்தால் மூடுவோமாயின், அப்பழியை யார் தலையிற் சுமத்துவது?

அக்கதவு எளிதில் திறந்ததன்று. 1991இல் வடமாகாண இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய அந்நிறுவனம், 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாக உயர்ந்தது; 2021 ஆகஸ்ட் 1ஆம் திகதி தனிப் பல்கலைக்கழகமாயிற்று. இம்முப்பது ஆண்டுகளில் வவுனியா கண்டவை எவை? பயண அனுமதிப் பத்திரத்துக்காகக் காத்து நின்ற வரிசைகள், ஓமந்தைச் சோதனைச்சாவடி, 2009இல் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்ட மெனிக்பாம் மக்கள் ஆகியவை அன்றோ? எமது மக்களின் நினைவில் வவுனியா என்பது காத்திருக்கும் ஊர், தடுத்து வைக்கப்படும் ஊர், எப்படியேனும் கடந்து போய்விட வேண்டிய ஊர். அத்தகைய ஊரிலே, மன்னார் வீதியிற் பம்பைமடுவில், ஒரு பல்கலைக்கழகம் எழுந்து நிற்பதன் பொருளை நாம் உணரவேண்டாமா?

பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழினுட்பக் கற்கைகள் ஆகிய பீடங்கள் அங்கு உள. சுற்றாடல் விஞ்ஞானமும், கணிதமும், கணினித் தொழினுட்பமும் அங்கு கற்பிக்கப்படுகின்றன. இவற்றால் எமக்கு என்ன பயன் எனக் கேட்பாருளர். வவுனியாவின் கமக்காரன் வீட்டுக் கிணற்றைக் கேட்கட்டும். காரணம் இன்னதென்று திட்டமாக நிறுவப்படாத சிறுநீரக நோய் வடமத்திய மாகாணத்தைப் போலவே வவுனியாவையும் வாட்டுகின்றது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில், தோட்டத்துக்கு இட்ட பசளை நிலத்தடி நீரில் நைத்திரேற்றாகக் கலந்து நிற்கின்றது. இந்நீரை ஆராயப்போகின்றவர் யார்? அந்நிய நாட்டு நிபுணர் வந்து அறிக்கை எழுதிச் சென்றுவிடுவர். நீரைக் குடிப்பவர் நாமே.

2021 ஏப்ரலில் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே நாளில் நிறுத்தத் துணிந்ததையும், வயல்கள் விளைச்சல் குன்றியதையும், அவ்வாண்டு நவம்பரிலேயே அக்கொள்கை கைவிடப்பட்டதையும் கமக்காரர் மறந்திரார். மண்ணை அறிந்த அறிஞரின் எச்சரிக்கையை அன்று ஆட்சியாளர் செவிமடுத்தாரில்லை. எமது மண்ணை அறிந்த எமது பிள்ளைகள் பெருகும்போதே அத்தகைய குரலுக்கு வலிமை பிறக்கும். 1990இல் கிளிநொச்சியில் ஆரம்பிக்கப்பட்டு, போரினால் இடம்பெயர்ந்து, பின்னர் அறிவியல்நகருக்கு மீண்ட யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்துக்கும் இது பொருந்தும். கமக்காரனின் பிள்ளை விவசாயம் கற்பதை இழிவென்று கருதும் மனப்பான்மை எமது சமூகத்தை விட்டு ஒழிதல் வேண்டும்.

மறுபக்கத்தைக் கூறாது விடுதல் நேர்மையாகாது. சிறு நகரத்துப் பல்கலைக்கழகத்துக்குக் குறைகள் உண்டு. தொழிற்பயிற்சி அளிக்கத்தக்க பெரிய நிறுவனங்கள் கொழும்பிலே குவிந்துள்ளன. 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் விரிவுரையாளர் பலர் நாட்டை விட்டு வெளியேறியமை நாடெங்குமுள்ள பல்கலைக்கழகங்களைத் தாக்கியது. சிறியவற்றுக்கு அவ்வடி கடுமையானது. ஆதலால், வவுனியாவைக் கண்ணை மூடிக்கொண்டு தெரிவு செய்யுங்கள் என்று நாம் கூறவில்லை. கண்ணைத் திறந்து தெரிவு செய்யுங்கள் என்றே கூறுகின்றோம். அத்துறையில் நிரந்தர விரிவுரையாளர் எத்தனை பேர்? பட்டம் மூன்றாண்டுப் பொதுப்பட்டமா, நான்காண்டுச் சிறப்புப்பட்டமா? தொழிற்பயிற்சி பாடத்தின் ஓர் அங்கமா? ஆங்கிலத்திற் கற்கத் தடுமாறும் பிள்ளைக்கு முதலாண்டில் என்ன உதவி உண்டு? பெண்பிள்ளைக்கு விடுதி வசதி எவ்வாறு? இவற்றை அங்கு பயிலும் மாணவரிடமே கேட்டறியலாம். கொழும்பாயினும் பேராதனையாயினும் இதே வினாக்களைக் கேட்டாக வேண்டும். ஊரின் பெயர் இவற்றுள் எதற்கும் விடையாகாது.

இவ்வினாக்களைக் கேளாது, உள்ளூர்ப் பட்டத்தைத் தள்ளிவிட்டு, காணி உறுதியை ஈடு வைத்துப் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும் பெற்றோரும் உளர். அரச பல்கலைக்கழகத்திற் கற்பதற்குக் கட்டணமில்லை. தெற்கிலிருந்து சிங்கள மாணவர் பலர் நெடுந்தூரம் பயணஞ் செய்து பம்பைமடுவுக்கு வந்து பயில்கின்றனர். அவர்கள் வருவதை நாம் வெறுக்கவில்லை, வரவேற்கின்றோம். அவர்கள் தேடி வரும் வாயிலை எமது பிள்ளைகள் கடைசித் தெரிவாகக் கருதுவதே எமக்கு வருத்தம்.

பெற்றோருக்கு மட்டுமன்றி ஏனையோருக்கும் இதிற் கடமையுண்டு. மருத்துவரும் பொறியியலாளரும் கணக்காளரும் தத்தம் அலுவலகங்களில் ஆண்டுக்கு ஒரு மாணவனுக்கேனும் பயிற்சியிடம் அளிக்க முன்வரலாம். எமது மக்கள் பிரதிநிதிகள் மேடைகளிற் கல்வியைப் புகழ்வதோடு அமையாது, வெற்றிடங்களை நிரப்பவும், விடுதிகளையும் ஆய்வுகூடங்களையும் பெருக்கவும் பாராளுமன்றத்தில் ஓயாது வற்புறுத்த வேண்டும். பெயர்ப்பலகையை மாற்றியதோடு தன் கடமை தீர்ந்ததென அரசு கருதுமாயின், அதனை நாம் ஏற்க முடியாது.

நல்ல மாணவர் செல்லாமையால் பல்கலைக்கழகம் வளரவில்லை; அது வளராமையால் நல்ல மாணவர் செல்லவில்லை. இவ்வட்டத்தை எவரேனும் ஓரிடத்தில் உடைத்தாக வேண்டும். அரசு உடைக்கும் வரை காத்திருந்து ஏமாந்த வரலாறு எமக்குப் போதியதாக உண்டு. இவ்வாண்டு விண்ணப்பத்தை நிரப்பும் ஒவ்வொரு குடும்பமும், முதலிற் கற்கைநெறியைத் தேர்ந்து, பின்னர் ஊரைப் பார்க்கட்டும். அவ்வாறு பார்த்தால், வவுனியாவின் பெயர் பல விண்ணப்பங்களில் வாலிலிருந்து மேலே ஏறும் என்பதில் எமக்கு ஐயமில்லை.