சைலன்சருக்குள் ஒரு கதவு: ‘கடகட’ன்னா மொத்தத்தையும் மாத்தணுமா?

காரைக்குடிப் பக்கம் ஏதாவது ஒரு பட்டறையில் போய், “எக்ஸாஸ்ட் வால்வு சத்தம் போடுதுண்ணே” என்று சொல்லிப் பாருங்கள். மெக்கானிக் நேராக பானெட்டைத் திறப்பார். அவர் மேல் தப்பில்லை. அவருக்குத் தெரிந்த எக்ஸாஸ்ட் வால்வு இன்ஜினுக்குள்ளே, சிலிண்டர் ஹெட்டில் இருப்பது. நாம் பேசப்போவது காரின் பின்பக்கம், சைலன்சர் குழாய்க்குள் உட்கார்ந்திருக்கும் சின்ன வட்டத் தகட்டைப் பற்றி.

இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் பர்ஸ் காலி. எனவே முதல் கேள்வி, சத்தம் எங்கிருந்து வருது? இன்ஜின் மேல்பக்கம் ‘டிக் டிக்’ என்றால் அது டப்பெட் விவகாரம், வேறு கதை. பின்னால், காருக்கு அடியில் ‘கடகட’, ‘கிணுகிணு’ என்றால் நம்ம ஆள்தான்.

ஸ்போர்ட்ஸ் கார்களில் இந்தக் கதவு எதுக்கு? மெதுவாகப் போகும்போது கதவு மூடியிருக்கும். புகை சைலன்சருக்குள் சுற்றுவழியில் போகும், சத்தம் அடங்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தினாலோ ஸ்போர்ட் மோடு போட்டாலோ கதவு திறந்து, புகை குறுக்குவழியில் வெளியேறும். அந்த உறுமல் அப்போதுதான் வரும். 1991-லேயே மிட்சுபிஷி 3000ஜிடி விஆர்-4 காரில் பட்டன் அழுத்தி மாற்றும் எக்ஸாஸ்ட் வந்துவிட்டது. பைக் பிரியர்களுக்கு யமஹாவின் ‘எக்ஸப்’ தெரிந்திருக்கும். சத்தத்துக்காக இல்லாமல் பவருக்காக வைத்தது என்றாலும், அதுவும் எக்ஸாஸ்ட் குழாய்க்குள் திரும்பும் வால்வுதான். ஓட்டாமல் போட்டுவைத்தால் அதுவும் இறுகிக்கொள்ளும்.

ஓட்டாமல் போட்டுவைத்தால் என்றதும் எனக்கு ஆத்தங்குடிதான் ஞாபகம் வருது. டைல்ஸுக்குப் பேர் போன ஊர். ஆனால் பாதி வீடுகள் பூட்டியே கிடக்கும். சொந்தக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். கல்யாணம், படைப்பு, கோயில் விசேஷம் என்றால்தான் கதவு திறக்கும். அப்படிப்பட்ட வீட்டு ஷெட்டில் மாதக்கணக்கில் நிற்கும் காருக்கு இந்த வால்வு இறுகுவது ரொம்ப சாதாரணம்.

காரணம் தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகும். நீண்ட தூரம் ஓடினால் சூட்டில் வெளியே போய்விடும். வீட்டிலிருந்து கடைத்தெரு வரை ஓட்டிவிட்டு நிறுத்தினால், அது சைலன்சருக்குள்ளேயே தங்கும். கரி, ஈரம், துரு மூன்றும் சேர்ந்து தகட்டின் அச்சைப் பிடித்துக்கொள்ளும். சென்னை ஈசிஆரில் வசிக்கும் கார் என்றால் உப்புக்காற்று வேறு. அந்தக் காரை 400 கி.மீ.க்கு மேல் ஓட்டிக்கொண்டு வார இறுதிக்கு செட்டிநாடு வரும்போதுதான் சத்தம் காதில் விழும்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? கார் நன்றாக ஆறியிருக்கணும், இன்ஜின் ஆஃப். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். முதலில் சைலன்சர் மேல் இருக்கும் வெப்பத் தடுப்புத் தகட்டைக் கையால் தட்டிப் பாருங்கள். ‘வால்வு போச்சு’ என்று வரும் புகார்களில் கொஞ்சம் இந்தத் தகட்டின் போல்ட்டு லூஸ் என்பதோடு முடிந்துவிடும்.

அது இல்லை என்றால் வால்வுக்கு வாங்க. இரண்டு வகை. ஒன்று, ரப்பர் ஹோஸ் வழியாக வரும் உறிஞ்சு விசையால் இயங்குவது. இதில் வெளியே ஒரு சின்ன லீவர் தெரியும். கையால் தள்ளினால் ஸ்பிரிங்கை எதிர்த்துத் திரும்பி, விட்டால் பழைய இடத்துக்கு வரணும். திரும்பவே இல்லையா, அச்சு இறுகிவிட்டது. திரும்புது, ஆனால் லொடலொட என்று ஆடுதா, புஷ் தேய்ந்துவிட்டது. குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் மட்டும் வரும் உலோகச் சத்தம் பெரும்பாலும் இதுதான். லீவர் சரியாக இருக்கு, ஆனால் ஓடும்போது அசையவில்லை என்றால் ஹோஸைப் பாருங்கள். சூட்டில் வெடித்திருக்கும், இல்லை எலி கடித்திருக்கும் (பூட்டிய வீட்டில் எலிக்கென்ன குறைச்சல்). இன்ஜின் ஐடிலில் ஓடும்போது, வால்வு மூடியிருக்க வேண்டிய நேரத்தில், ஹோஸ் முனையில் விரல் வைத்தால் உறிஞ்சணும். உறிஞ்சவில்லை என்றால் பிரச்னை ஹோஸ், சோலினாய்டு, ஃபியூஸ் பக்கம். சைலன்சரைத் தொடவே வேண்டாம். இந்தச் சோதனையை வெட்டவெளியில் செய்யுங்கள். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜின் ஓடினால் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொல்லும்.

இரண்டாவது வகை, மின்மோட்டார். இதைக் கையால் பலமாகத் திருப்பாதீர்கள், உள்ளே பல்சக்கரம் உடையும். ஸ்கேனர் போட்டுப் பார்ப்பதே நல்லது. சாவியைத் திருப்பியதும் ‘விர்ர்’ என்று ஒரு சத்தம் வந்து நின்றால் பயப்பட வேண்டாம். பல கார்களில் அது வால்வு தன்னைத்தானே சோதித்துக்கொள்வது.

இறுகிய அச்சுக்கு வைத்தியம் எளிது. ஆறிய நிலையில் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஒரு ராத்திரி விட்டு, லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைக்கணும். இன்ஜின் ஆயிலோ சாதா கிரீஸோ வேண்டாம், சூட்டில் எரிந்து அதுவே கரியாகும். அதிக வெப்பம் தாங்கும் லூப்ரிகன்ட் இருக்கு, அதைக் கேட்டு வாங்குங்கள். அப்புறம் வாரம் ஒருமுறை 20 கி.மீ.யாவது ஓட்டி, இன்ஜின் சூடான பிறகு ஸ்போர்ட் மோடைப் போட்டுப் போட்டு எடுங்கள்.

இவ்வளவு சின்ன வேலைக்கு நம் ஊரில் கிடைக்கும் பதில் இரண்டுதான். ஷோரூமில், “முழு சைலன்சரும் மாத்தணும் சார்”. வெளியே, “கம்பி போட்டு திறந்தே கட்டிடலாம் சார், சவுண்டும் கெத்தா இருக்கும்”. இரண்டுமே எனக்கு ஒப்புதல் இல்லை.

கம்பி கட்டும் ஐடியாவைச் சொல்கிறவர் ஆத்தங்குடித் தெருவில் ஒருமுறை நின்று பார்க்கணும். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்கட்டு என்று நீளும் வீடுகள். இருபக்கமும் உயரமான சுவர். சத்தம் எங்கே போகும்? சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டே இருக்கும். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் அளவு. மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில், ஒலித் தரத்தை மீறி ஓட்டினால் முதல் முறையே 3 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், கூடவே 3 மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு. ‘வால்வு தானா ஒட்டிக்கிச்சு சார்’ என்றால் போலீஸ்காரர் ஒருவேளை கேட்பார். கம்பி இருந்தால் கேட்க மாட்டார். ரேஸ் ஆசை இருந்தால் இருங்காட்டுக்கோட்டை டிராக் இருக்கு, அங்கே போய் உறுமட்டும்.

ஷோரூம் பதிலில் எனக்கு இன்னும் கோபம். சில கம்பெனிகள் வால்வைச் சைலன்சரோடு சேர்த்து ஒரே பார்ட்டாகத்தான் விற்கின்றன, அது உண்மை. ஆனால் பல கார்களில் மோட்டாரோ, உறிஞ்சு விசை டயஃப்ரமோ தனியாகக் கிடைக்கும். தனியாகக் கிடைப்பதை வாடிக்கையாளரிடம் சொல்லாமல் விடுவது எந்த நியாயத்தில் சேர்த்தி? மத்திய அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய ‘பழுது பார்க்கும் உரிமை’ இணையதளத்தில் ஆட்டோமொபைல் துறையும் ஒன்று. கம்பெனிகள் சர்வீஸ், உதிரிபாக விவரங்களைப் பொதுவில் வைக்கணும் என்பதுதான் அதன் நோக்கமே.

ஆகவே எஸ்டிமேட் போடும்போதே கேளுங்கள்: பழுது தகட்டிலா, இயக்கும் பாகத்திலா, கட்டளை வரும் ஹோஸ் அல்லது வயரிலா? எந்தச் சோதனையில் தெரிந்தது? ஸ்கேனர் காட்டிய கோடு என்ன? அதை எழுதி வாங்குங்கள். பார்ட் மாற்றினால், கழற்றிய பழைய பார்ட்டை டிக்கியில் போடச் சொல்லுங்கள்.