வியர்த்தால் மெலியலாமா?

பின்லாந்து தேசத்தாரின் ‘சவுனா’ என்னும் வெப்ப அறையை இன்று கொழும்பு ஹோட்டல்களிலும் காணலாம். அடுப்பின்மேற் குவித்த கற்களில் நீர் வார்க்க, ஆவி எழும். வெப்பமோ 80 பாகை முதல் 100 பாகை செல்சியசு வரை ஏறும். அதனுள் அமர்ந்தால் தேகம் மெலியுமெனச் சிலர் எண்ணுகின்றனர்.

ஒருமுறை அமர்ந்தெழ, அரைக் கிலோ வரை எடை குறைவது மெய்யே. ஆயினும் குறைந்தது நீரேயன்றிக் கொழுப்பன்று. இரண்டு குவளை தண்ணீர் பருகியதும் எடை மீண்டுவிடும், மீளவும் வேண்டும்.

1997ஆம் ஆண்டின் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவிலே கல்லூரி மல்யுத்த மாணவர் மூவர், குறித்த எடைப் பிரிவுக்குள் அடங்கும்பொருட்டு நீரைக் குறைத்து, காற்றுப்புகா உடையணிந்து, வெப்பமான இடங்களிற் பயிற்சி செய்து உயிரிழந்தனர். அதன் பின்னரே, 1998இல், அங்குள்ள கல்லூரி விளையாட்டுச் சங்கம் மல்யுத்த வீரர் சவுனாவில் எடை குறைப்பதைத் தடைசெய்தது. மூன்று இளம் உயிர்கள் போனபின் வந்த விதி!

களைத்த தசைகளுக்கு அவ்வெப்பம் இதமளிப்பதை நாம் மறுக்கவில்லை. நாளங்கள் விரிய, இரத்தவோட்டம் பெருகும். ஆனால் விளையாட்டு முடிந்ததும் முதலில் உடல் ஆறி, நீர் பருகவேண்டும். பின்னர் பத்து நிமிடம் அமர்ந்தாற் போதும். இருதய நோயுள்ளோர் வைத்தியரைக் கேளாது உட்புகல் ஆகாது.